கொப்பியில் இல்லாத குளுசை

நான் நேரத்துக்கு வேலைக்கு வருகிறவள் இல்லை. இருபது வருடமாக ஒரே பாமசி, ஒரே கவுண்டர், இழுத்தால் அழுகிற அதே ஷட்டர். ஏழரைக்குத் திறக்கவேண்டிய கடையை ஏழரைக்கே திறந்த நாட்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். இதை எனக்கு நிமிடம் பிசகாமல் சொல்லிக்கொண்டிருந்தவர் ஒருவர் இருந்தார். "நாலு நிமிசம் லேட்டு புள்ள," என்பார். திட்டுகிற குரலாக இருக்காது. பஸ்காரர்களுக்குச் சொல்வதைப் போலத்தான் எனக்கும் சொல்வார்.

வத்தேகம பஸ் நிலையத்தில் அவர் டைம்கீப்பர். எந்த பஸ் எத்தனை மணிக்கு வந்தது, எத்தனைக்குக் கிளம்பியது என்று எழுதி வைக்கிறவர். தகரக் கொட்டில் ஒன்று, அதற்குள் ஒரு மேசை, ஒரு மரக்கதிரை, மேசைமேல் நீளமான கொப்பி. காதில் பென்சில், கழுத்தில் விசில். கொட்டிலுக்கு நேரெதிரே எங்கள் பாமசி. என் கவுண்டரிலிருந்து பார்த்தால் அவர் தெரிவார், அவர் கதிரையிலிருந்து பார்த்தால் நான் தெரிவேன். நான் கொட்டாவி விட்டால்கூட அவருக்குத் தெரியும். ஒரு மனிதருடைய கண்ணுக்கு நேரே வருடக்கணக்காக நின்று வேலை செய்வது லேசுப்பட்ட காரியம் இல்லை. வெளியே எட்டிப் பார்க்கவும் முடியாது, உள்ளே ஒளியவும் முடியாது.

நிலையத்தில் எல்லோருக்கும் அவர் டைம்கீப்பர் மாத்தயா, அதாவது ஐயா. எனக்கு மாமா. உறவு ஒன்றும் கிடையாது. அவருடைய மனைவியை நான் அத்தை என்று கூப்பிடத் தொடங்கினேன், அந்தக் கணக்கில் அவர் மாமா ஆகிவிட்டார். பெயர் இருந்தது, எழுதப் போவதில்லை. அவருக்கே அது பிடிக்காது என்று நினைக்கிறேன்.

அவருக்கு ஒரே ஒரு சட்டம்தான். "கொப்பியில இருந்தா போச்சு, கொப்பியில இல்லேன்னா போகல." பஸ்ஸைப் பற்றிச் சொன்னதுதான். ஆனால் போகப்போக அந்த மனிதர் உலகத்தையே அப்படித்தான் பார்க்கிறார் என்று எனக்குப் புரிந்தது. அத்தையின் சொந்தத் தம்பி கண்டி ரூட்டில் பஸ் ஓட்டினான். ஒரு நாள் ஆறு நிமிடம் தாமதமாகக் கிளம்பிவிட்டு, "மச்சான், கொஞ்சம் பாத்து எழுதுங்க," என்று கெஞ்சினான். இவர் பாத்துத்தான் எழுதினார், ஆறு நிமிடம் என்று. அவனுக்கு அடுத்த ட்ரிப் இல்லாமல் போயிற்று. அத்தை இரண்டு நாள் அடுப்பு மூட்டவில்லை. இவர் எதிர்ச் சாப்பாட்டுக் கடையில் பனிஸ் வாங்கித் தின்றுகொண்டு, முகத்தில் ஒரு சலனமும் இல்லாமல் உட்கார்ந்திருந்தார்.

கல்லுளிமங்கன் என்று நானும் அன்றைக்கு நினைத்தேன். அடுத்த மாதமே அதை மாற்றிக்கொள்ள வேண்டியதாயிற்று. மேல் தோட்டத்திலிருந்து ஒரு பெண்ணைப் பிரசவ வலியோடு தூக்கிக்கொண்டு வந்தார்கள். ஓட்டோ ஒன்றும் இல்லை, மழை வேறு. பன்வில போகவேண்டிய பஸ் ஒன்று ஆட்களை ஏற்றிக்கொண்டு நின்றது. இவர் விசிலை ஊதி எல்லோரையும் இறக்கினார். பெண்ணை ஏற்றி, "நேரா கண்டி. எங்கயும் நிப்பாட்டாத," என்று டிரைவரிடம் சொன்னார். பஸ் முதலாளி மறுநாள் குதித்துக்கொண்டு வந்தார், யாரைக் கேட்டு என் பஸ்ஸை வேறு ரூட்டுக்கு அனுப்பினாய் என்று. இவர் கொப்பியை அவர் பக்கம் திருப்பி வைத்தார்.

"பாத்துக்குங்க. அந்த நேரத்துக்கு எந்த பஸ்ஸும் கண்டிக்குப் போகல."

அந்த முதலாளி கொப்பியை இரண்டு தடவை புரட்டிவிட்டுத் திரும்பிப் போனதை நான் கவுண்டரிலிருந்து பார்த்துச் சிரித்தேன். எழுதுவதில் எவ்வளவு நேர்மையானவரோ, எழுதாமல் விடுவதில் அவ்வளவு கெட்டிக்காரர் என்று அன்றைக்குத் தெரிந்துகொண்டேன். பின்னால் எங்கள் இருவரையும் பிடித்து உலுக்கியது அந்தக் கெட்டிக்காரத்தனம்தான்.

இனிக் குளுசைக்கு வருகிறேன். நான் ஷட்டரைத் தூக்கும்போது அவர் பிளேன்டீக் கோப்பையோடு வாசலில் நிற்பார். லேட் கணக்கைச் சொல்லி முடித்ததும் கையை நீட்டுவார். நான் கவுண்டருக்கு அடியில் லாச்சியை இழுத்துத் திறந்து சின்ன வெள்ளைக் குளுசை ஒன்றை எடுத்துக் கொடுப்பேன். அஸ்பிரின். அவருக்கென்று வாங்கி வைத்திருந்த அட்டை அந்த லாச்சியிலேயே கிடக்கும். வாயில் போட்டு, பிளேன்டீயை ஒரு மிடறு குடித்துவிட்டு, ரோட்டைக் கடந்து கதிரைக்குப் போய்விடுவார். ஞாயிற்றுக்கிழமைக்கென்று ஒரு குளுசையைச் சின்ன உறையில் போட்டு, 'காலை 1' என்று எழுதிச் சனிக்கிழமையே கொடுத்துவிடுவேன்.

தொடக்கத்தில் அது முறையாக வந்த மருந்துதான். நெஞ்சு வலி வந்து ஒரு கிழமை ஆஸ்பத்திரியில் கிடந்தார். இதய கிளினிக்கில் கொப்பி போட்டுக் கொடுத்தார்கள். நம்மூரில் கிளினிக் கொப்பி என்றால் ஜாதகம் மாதிரி. என்ன நோய், என்ன மருந்து, அடுத்தது எப்போது என்று எல்லாம் அதற்குள் இருக்கும். டொக்டர்மார் முகத்தைப் பார்ப்பதற்கு முன்னால் அதைத்தான் பார்ப்பார்கள். ஒரு வருடம் ஒழுங்காகப் போனார். பிறகு நின்றுவிட்டார். "நான் அங்க வரிசையில நின்னா இங்க பஸ்ஸெல்லாம் அதது இஷ்டத்துக்குப் போகுது புள்ள." கொப்பியும் முடிந்து போயிற்று, புதுசு போடவில்லை. மற்ற மருந்துகளை விட்டார். இந்த வெள்ளைக் குளுசையை மட்டும் விடவில்லை. இதை விட்டால் இதயம் நின்றுவிடும் என்று அந்தக் கிளினிக்கில் யாரோ சொல்லியிருந்தார்கள். அந்தப் பயம் அவருக்கு உள்ளே தங்கியிருந்தது.

துண்டு இல்லாமல் கொடுத்தவள் நான். டொக்டர் எழுதிய துண்டு இல்லாமல் இதைத் தினமும் கொடுத்துக்கொண்டே இருக்கக் கூடாது என்று தெரியும். கடை முதலாளிக்குத் தெரிந்தால் என்னை வீட்டுக்கு அனுப்பிவிடுவார் என்றும் தெரியும். முன்னால் நிற்கிற மனிதரிடம் இல்லை என்று சொல்ல வாய் வரவில்லை, அவ்வளவுதான். ஒரு நாள் கொடுத்தேன், மறுநாள் கொடுத்தேன், அப்படியே ஆறு வருடம் ஓடிவிட்டது.

ஒருமுறை கொட்டிலின் தகர விளிம்பு அவருடைய விரலைக் கிழித்துவிட்டது. சின்னக் கீறல்தான். பிளாஸ்டர் போட்டு அனுப்பினேன். கால் மணி நேரத்தில் திரும்பி வந்தார், பிளாஸ்டர் ஊறியிருந்தது. இன்னொன்று போட்டேன். மறுபடியும் வந்தார். கொப்பியில் அன்றைய பக்கமெல்லாம் சிவப்புப் பொட்டு.

"மாமா, இது அந்தக் குளுசையோட வேலை. அது ரத்தத்த உறைய விடாது. டொக்டருக்கிட்ட ஒருக்காக் காட்டி, தொடர்ந்து குடிக்கலாமான்னு கேட்டுட்டு வாங்க."

"அது மருந்தில்ல புள்ள. பிளேன்டீக்குச் சீனி மாதிரி. எந்தக் கொப்பியில இருக்கு அது?"

நான் சிரித்தேன். மூன்றாவது பிளாஸ்டரைப் போட்டுவிட்டு நானும் மறந்துபோனேன்.

பிறகு ஒரு நாள் பன்வில டிரைவர் கொட்டிலுக்கு முன்னால் நின்று கத்திக்கொண்டிருந்தான். மூன்று நாளாக அவனுடைய பஸ் சரியான நேரத்துக்குப் போயிருக்கிறது, கொப்பியில் இல்லை. அந்த பஸ் எப்போதும் கொட்டிலுக்கு இடப்பக்கமாக நிற்கும். இவர் அவனை ஒரு மாதிரியாகப் பார்த்தார். கொப்பியைப் பார்த்தார். அவருடைய வாழ்க்கையில் முதல் தடவையாகப் போன பஸ் ஒன்று கொப்பியில் இல்லாமல் இருந்தது. அந்தக் கிழமையே கடை வாசல் நிலையில் இடத் தோளை இரண்டு முறை இடித்துக்கொண்டார். தலைவலி என்று ஒன்றுக்கு இரண்டாகக் குளுசை கேட்டார். நானும் அத்தையும் சேர்ந்து கரைச்சல் கொடுத்துத்தான் அவரை ஆஸ்பத்திரிக்கு அனுப்பி வைத்தோம்.

மூளையின் உறையில் ஒரு கட்டி. புற்று இல்லை, ஆனால் வளர்கிறது. வளர்ந்து இடப்பக்கப் பார்வையை அமுக்குகிறது, இரண்டு கண்ணிலும். வெட்டி எடுத்தால் மிச்சமிருப்பதைக் காப்பாற்றலாம், முழுதாகப் போனது திரும்புமென்று சொல்ல முடியாது என்றார்கள். அப்போது அவருக்கு இடப்பக்கம் இருட்டவில்லை, புகை மூட்டமாகத்தான் இருந்தது. தலை கிளினிக்கில் புதுக் கொப்பி போட்டார்கள். முதல் திகதிக்கு அவருக்குக் காய்ச்சல் வந்து ஒபரேஷன் தவறிப்போனது. வரிசையில் திரும்ப ஏறி இன்னொரு திகதி கிடைப்பதற்கு மாதங்கள் ஆயின. அதுவரை ஒரு கையால் இடப்பக்கத்தைத் தடவிக்கொண்டு, முழு உடம்பையும் திருப்பித் திருப்பிப் பார்த்துக் கொப்பி எழுதினார். கழுத்து வலிக்காதா மாமா என்று கேட்டால், "பாக்காட்டி கதிர போயிரும்ல புள்ள," என்பார்.

திகதி கிடைத்த அன்று கடைக்கு ஓடி வந்தார். அவர் ஓடி நான் பார்த்ததில்லை. கொப்பியைக் கவுண்டர் கண்ணாடிமேல் விரித்து, விரலை வைத்துக் காட்டினார்.

"பன்னெண்டு நாள் இருக்கு. இந்தத் தேதிய மட்டும் விட மாட்டேன் புள்ள. காய்ச்சல் வந்தாலும் சொல்ல மாட்டேன்."

நான் கொப்பியை என் பக்கம் திருப்பினேன். மருந்து என்று இருந்த இடத்தில் ஒரு கோடு இழுத்திருந்தது.

"மாமா, என்னா மருந்து குடிக்கிறீங்கன்னு கேக்கலயா?"

"கேட்டாங்க. ஒண்ணுமில்லன்னேன்."

"நெஞ்சு வலிய சொன்னீங்களா?"

"முந்தி வந்துச்சு, இப்ப இல்லன்னு சொன்னேன். அது நெசந்தானே?"

"அந்தக் குளுச?"

அவர் கொப்பியை மூடினார். "கொப்பியில இல்லாதத நான் எப்பிடிச் சொல்றது?"

விரலில் மூன்று பிளாஸ்டர் போட்டது எனக்கு நினைவு வந்தது. சொன்னேன். விரலுக்கே அப்படியென்றால் தலைக்கு என்ன ஆகும் என்று கேட்டேன். போய்ச் சொல்லுங்கள், அவர்கள் நிறுத்தச் சொல்வார்கள், பிறகு செய்வார்கள் என்றேன். அவர் என்னை விடவும் விவரமாக யோசித்து வைத்திருந்தார்.

"நிப்பாட்டுனா நெஞ்சு. நிப்பாட்டாட்டி தல. சொன்னா, தேதிய தூக்கிருவாங்க. மறுபடி எப்ப குடுப்பாங்க? அதுக்குள்ள இந்தப் பக்கம் முழுக்க இருண்டுரும். இருண்டா எனக்குக் கதிர இல்ல. நீயே சொல்லு, எந்த பஸ்ஸுல ஏறுறது?"

அவர் வலக் கையைக் கவுண்டர்மேல் மல்லாத்தி வைத்தார். "அடி. யாருக்கிட்டயும் சொல்ல மாட்டேன்னு அடி." நான் மூடிய கொப்பியை அவர் பக்கம் தள்ளினேன். "சொன்னா முதல்ல கேப்பாங்க, எங்க வாங்குனன்னு. யோசிச்சியா புள்ள?" மிரட்டவில்லை. உண்மையாகவே என்னை நினைத்துத்தான் சொன்னார். நான் அந்தக் கையில் அடித்துச் சத்தியம் செய்தேன். செய்தபோது அவருக்காகச் செய்ததாகத்தான் நினைத்தேன். இரண்டு நாள் போனதும் எனக்காகத்தான் செய்தேன் என்று தெரிந்துவிட்டது.

அந்தப் பதினொரு நாள் நான் பட்ட பாட்டை எதிரிக்கும் வேண்டமாட்டேன். காலையில் ஷட்டரைத் தூக்கினால் அவர் நிற்பார். கையை நீட்டுவார். கொடுக்காமல் விடலாம் என்று பார்த்தால், நானாக நிறுத்தி இதயத்தில் ஏதாவது ஆகிவிட்டால்? டொக்டர் செய்யவேண்டிய முடிவை லாச்சியைப் பூட்டி நான் செய்யலாமா? கொடுத்தால், கொடுக்கிற ஒவ்வொன்றும் ஒபரேஷன் மேசைக்குப் போகிற குளுசை. கொடுத்தேன். மூன்றாம் நாள் முதலாளியிடம் சொல்ல வாயெடுத்து, பஞ்சு ஓடர் போடவேண்டும் என்று சொல்லிவிட்டு வந்தேன். ஐந்தாம் நாள் ஆஸ்பத்திரிக்குப் போன் எடுத்தேன். யார் பேசுறது என்று கேட்டதும் வைத்துவிட்டேன். எதிரே அவர் கதிரையில் இருந்து உடம்பைத் திருப்பித் திருப்பி எழுதிக்கொண்டிருந்தார். நடுவில் என்னைப் பார்த்துச் சிரிப்பார். பன்னிரண்டு அடி அகலக் கடைக்குள் எந்த மூலையில் நின்றாலும் அந்தச் சிரிப்பு வந்து பிடித்தது.

ஒபரேஷனுக்கு இரண்டு நாள் முன்னால் வார்டில் சேர்த்தார்கள். போகும்போது சட்டைப் பையில் என்னுடைய சின்ன உறை ஒன்று இருந்தது. உள்ளே இரண்டு குளுசை. அதையும் நான்தான் போட்டுக் கொடுத்தேன்.

அவர் திகதியைக் காட்டிய நாளிலிருந்து பதினோராம் நாள், விடிந்தால் ஒபரேஷன். பார்வையாளர் நேரத்துக்குக் கண்டிக்குப் போனேன். கொட்டிலில் வேறு ஒருவர் எழுதிக்கொண்டிருந்தார், பஸ் எட்டு நிமிடம் தாமதம். வார்டில் அவர் சுத்தமாகச் சவரம் செய்துகொண்டு, கல்யாண மாப்பிள்ளை கணக்காகக் கட்டிலில் சாய்ந்திருந்தார். அத்தை சுடுதண்ணீர் எடுக்கப் போனார். சின்ன அலுமாரியின் மேல் கிளினிக் கொப்பி இருந்தது. கட்டிலுக்கு இடப்பக்கம்.

"இன்னைக்கும் குடிச்சீங்களா மாமா?" என்று மெதுவாகக் கேட்டேன்.

"ஆறு மணிக்கே. பிளேன்டீயோட," என்று கண்ணைச் சிமிட்டினார்.

நான் எழுந்து கட்டிலைச் சுற்றி அவருடைய இடப்பக்கமாக வந்து உட்கார்ந்தேன். அவருக்குப் புகையாகத் தெரிகிற பக்கம். அவர் வாசலைப் பார்த்துக்கொண்டு, நாளைக்கு முதல் ஆள் தான்தான் என்று சொல்லிக்கொண்டிருந்தார். ஆமாம் மாமா, ஆமாம் மாமா என்று சொல்லிக்கொண்டே கொப்பியை மடியில் எடுத்து விரித்தேன். மருந்து என்ற இடத்தில் இருந்த கோட்டுக்குப் பக்கத்தில் எழுதினேன்: அஸ்பிரின், தினமும், ஆறு வருடமாக. கடைசியாக எடுத்தது இன்று காலை ஆறு மணி. எங்கே வாங்கியது என்று எழுதவில்லை. என் பெயரையும் எழுதவில்லை. கொப்பியை இருந்த இடத்திலேயே வைத்துவிட்டு வலப்பக்கம் வந்து, தோடம்பழம் உரிக்கட்டுமா என்று கேட்டு, உரித்து வைத்தேன். பார்வை மங்கிய பக்கமாகப் போய்ச் செய்த வேலை அது. வேறு எந்தப் பெயர் வைத்தாலும் அதுதான்.

அத்தை திரும்பி வரவும் டொக்டர் வரவும் சரியாக இருந்தது. யாழ்ப்பாணத்துப் பெண், வயது முப்பது இருக்கும். மறுநாளைக்கு எல்லாம் சரியா என்று கடைசியாகப் பார்க்க வந்தவர். கொப்பியை எடுத்தார். புரட்டிய கை நின்றது.

"ஐயா, இது என்ன? அஸ்பிரின் எடுக்கிறனீங்களோ?"

அவர் முகம் கல்லானது. "கொப்பியிலயா இருக்கு?"

"ஓம், இஞ்ச எழுதியிருக்கு. இண்டைக்குக் காலமையும் எடுத்ததெண்டு. முன்னம் கேக்கேக்க இல்லையெண்டு சொன்னனீங்கள்தானே? ஆர் இதை எழுதினது?"

அவர் கையை நீட்டிக் கொப்பியை வாங்கினார். தலையைச் சாய்த்து, கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். ஆறு வருடமாக உறைமேல் 'காலை 1' என்று பார்த்த எழுத்து. பிறகு கழுத்தை முழுதாகத் திருப்பி என்னைப் பார்த்தார். நான்தான் எழுதினேன் என்று சொல்ல அதைவிட நல்ல நேரம் எனக்குக் கிடைத்திருக்காது.

"நாந்தான் எழுதினேன்," என்றார் அவர்.

வாழ்நாளில் ஒரு எழுத்தைப் பற்றி அவர் சொன்ன முதல் பொய் அதுவாகத்தான் இருக்கும். அதையும் எனக்காகச் சொன்னார்.

டொக்டர் கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். கோபப்படவில்லை. "நல்ல காலம் எழுதினீங்கள் ஐயா. காலில, கையில இரத்தம் கசிஞ்சால் பாத்துக் கட்டலாம். மண்டைக்குள்ள கசிஞ்சால் அந்த இரத்தத்துக்குப் போக இடமில்லை. அதுக்குள்ளேயே நிண்டு மூளையை நெரிக்கும். இந்தக் குளிசையை இண்டைக்கு நிப்பாட்டினாலும் அதின்ர வேலை ஒரு கிழமைக்கு மேல உடம்பில நிக்கும். நாளைக்குச் செய்யேலாது."

"நாளைக்கு இல்லன்னா எப்ப?" என்றார் அத்தை.

"பெரிய டொக்டரோட கதைச்சுத்தான் சொல்லுவம். இதய டொக்டரும் பாக்க வேணும். பிறகு இடம் வரேக்க." கொப்பியை மூடிக்கொண்டே, யோசனை இல்லாமல் அடுத்ததைச் சொன்னார். "ஒரு பத்து நாளைக்கு முன்னம் சொல்லியிருந்தீங்களெண்டால், இதய டொக்டரிட்டக் கேட்டு, கவனமா நிப்பாட்டிப்போட்டு, இந்தத் திகதியிலேயே செய்திருக்கலாம் ஐயா."

பதினொரு நாளுக்கு முன்னால் என் கவுண்டர்மேல் அந்தக் கொப்பி விரிந்து கிடந்தது. அன்றைக்கே எழுதியிருந்தால் உயிரோடு சேர்த்துத் திகதியும் தப்பியிருக்கும். சொன்னால் திகதி போய்விடும் என்று அவர் சொன்னார், நானும் நம்பினேன். ஒரு போன் போட்டுக் கேட்டிருந்தால் தெரிந்திருக்கும். யார் பேசுறது என்று கேட்டால் பதில் சொல்லவேண்டி வரும் என்றல்லவா அதைக்கூடச் செய்யாமல் விட்டேன்.

அத்தை தலையில் அடித்துக்கொண்டு அழுதார். "எழுதுறதுன்னா அன்னைக்கே எழுதித் தொலச்சிருக்கலாமே மனுசா, வெட்டப் போற நேரத்துலயா எழுதுவாங்க!" என்று அவரைத்தான் திட்டினார். அவர் என் பங்குத் திட்டையும் சேர்த்து வாங்கிக்கொண்டு, உரித்து வைத்த தோடம்பழத்தைப் பார்த்தபடி இருந்தார். நான் பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று சொல்லிவிட்டு வெளியே வந்தேன். அதுவும் பொய். வத்தேகம பஸ்ஸுக்கு இன்னும் இருபது நிமிடம் இருந்தது.

அடுத்த இடம் வர மூன்று மாதம் ஆனது. ஒபரேஷன் நல்லபடியாக முடிந்தது, இரத்தம் கசியவில்லை, இதயமும் தாங்கியது. ஆனால் அந்த மூன்று மாதத்தில் புகை இருட்டாகிவிட்டது. இருட்டிய பக்கம் திரும்பி வரவில்லை. கொட்டிலில் அன்றைக்கு எழுதிக்கொண்டிருந்தவரே நிரந்தரமாக உட்கார்ந்துவிட்டார். அவர் போனைப் பார்த்துக்கொண்டே எழுதுவார். நான் எத்தனை மணிக்கு ஷட்டரைத் தூக்குகிறேன் என்று அவருக்கு ஒரு கவலையும் இல்லை.

தையல் ஆறியதும் மாமா கடைக்கு வந்தார். கிளினிக் கொப்பியைக் கவுண்டர்மேல் வைத்தார். இதய டொக்டர் மறுபடி தொடங்கச் சொல்லி அஸ்பிரினை முறையாக எழுதியிருந்தார், துண்டும் இருந்தது. "கொப்பியப் பாத்துக் குடு," என்றார். மாதத்துக்கு ஒரு முறை வருவார். ஒவ்வொரு முறையும் கண்டி ரோட்டைப் பார்த்தபடி, இடத் தோளைக் கவுண்டரில் சாய்த்து நிற்பார். அப்படி நின்றால் நானும் என் லாச்சியும் அலுமாரிகளும் அவருடைய இருட்டுக்குள் போய்விடுவோம். முதல் தடவை தற்செயல் என்று நினைத்தேன். அடுத்த மாதமும் அப்படியே நின்றார். நான் பேச்சுக் கொடுத்தால் ம் என்பார். மாமா, மன்னிச்சிருங்க என்று ஒரு தடவை சொன்னேன். அதற்கும் ம்.

அவர் உயிரோடு நிற்கிறார், அதற்கு நான் காரணம். அவர் கதிரை இல்லாமல் நிற்கிறார், அதற்கும் நானே. இதில் எதைப் பிடித்து நான் நிம்மதிப்பட? ஒரு வார்த்தை திட்டினால் போதும் என்று இருந்தது. கடைசியில் ஒரு பைத்தியக்கார வேலை செய்தேன். அவர் வருகிற நாள் தெரியும். அன்றைக்கு ஏழு மணிக்கே வந்து, கடையைத் திறக்காமல், பக்கத்துச் சந்தில் ஒளிந்து நின்றேன். அவர் வந்தார். ஏழரைக்கும் ஷட்டர் மூடியிருந்தது. கொப்பியைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு நின்றார். பத்து நிமிடம் விட்டு நான் ஓடி வந்தவள்போல வந்து ஷட்டரைத் தூக்கினேன். அவர் வழக்கம்போல் இடத் தோளைச் சாய்த்து, கொப்பியைப் பின்பக்கமாக என்னிடம் தள்ளினார். லேட் கணக்கு வரவில்லை.

எனக்குப் பொறுக்கவில்லை. "பத்து நிமிசம் லேட்டு மாமா," என்றேன் நானே.

அவர் ரோட்டைத்தான் பார்த்தார். பன்வில பஸ் ஹோர்ன் அடித்துக்கொண்டு கிளம்பியது.

"பத்து நிமிசமில்ல புள்ள," என்றார். "பதினொரு நாளு."

குளுசை உறையைத் தடவி எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, என் பக்கம் திரும்பாமல் படியிறங்கிப் போனார்.